தாத்தா தோளில் ஒரு கை

எங்கள் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்க மூன்று தகுதிகளில் ஒன்று வேண்டும். சாமியாக இருக்கலாம். கல்யாணக் கோலத்தில் இருக்கலாம். இல்லையென்றால் காலமாகியிருக்கலாம். இந்த மூன்றிலும் சேராத நாங்களெல்லாம் செல்போனுக்குள் கிடக்கிறோம். என் போனில் மட்டும் 9,400 படங்கள். அதில் பாதி கரண்ட் பில், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ. மீதியில்தான் குடும்பம்.

மூன்றாவது தகுதியில் சுவரேறியவர் என் தாத்தா. கறுப்பு வெள்ளைப் படம். தோளில் துண்டு, முறுக்கிய மீசை, கேமராக்காரன் ஏதோ பாக்கி வைத்தவன் என்பதுபோல ஒரு பார்வை. இன்னொரு தோளில் ஒரு கை. மோதிரம் போட்ட, நன்றாக வளர்ந்த ஆண்பிள்ளைக் கை. மணிக்கட்டு வரைக்கும்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் ஆள் இல்லை, சாம்பல் நிறச் சூனியம்.

தாத்தா தனியாகப் போட்டோவுக்கு நிற்கவே மாட்டாராம். ஆயுசு குறையும் என்று பயம். கூட்டத்தோடு என்றால் சரி. குறைகிற ஆயுசைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் அல்லவா? 1981-இல் அவர் போனபோது சுவரில் மாட்ட ஒரு படம்கூட இல்லை. கடைசியில் பாப்பாரப்பட்டியில் நடந்த ஏதோ ஒரு கல்யாணத்தின் குரூப் போட்டோ அகப்பட்டது. பதினான்கு பேருக்கு நடுவில் தாத்தா. அப்பாவுக்கு அப்போது 24 வயது. படத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்கு பஸ் ஏறினார். ஸ்டூடியோக்காரர் தாத்தாவை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கித் தருவதாகச் சொன்னார். தோளில் இருக்கும் கையைப் பென்சிலால் டச்சப் செய்து மறைக்க 5 ரூபாய் தனி. அப்பா பஸ் சார்ஜைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் சார், அவருக்கும் ஒரு துணை" என்று சொல்லிவிட்டார். அப்புறம் குரூப் போட்டோவைக் கரையான் தின்றது. கைக்குச் சொந்தக்காரர் கரையானோடு போனார்.

யார் கை என்பதில் வீட்டில் மூன்று கட்சி. தலைமையாசிரியர் கை என்பது அப்பாவின் கட்சி. மோதிரம் இருக்கிறதே, வேறு யாரிடம் மோதிரம் இருந்தது என்பது அவர் வாதம். தன்னுடைய அப்பாவின் கை என்று மாமா உரிமை கொண்டாடுகிறார். ஆயாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "அறுபது ரூபாய் கைமாத்து வாங்கிட்டு பெங்களூருக்கு ஓடினானே எங்க பெரியம்மா மவன், அவன் கைதான் அது. வாங்கின கை எனக்குத் தெரியாதா?" என்பாள். ஆனாலும் அமாவாசைக்கு அமாவாசை கண்ணாடியில் தாத்தா நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த கையோடு அந்தக் கைக்கும் ஒரு சின்னப் பொட்டு வைப்பாள். யாராக இருந்தால் என்ன, அவரும் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார் என்ற நியாயம்.

அந்தப் படம் என்ன ஃபிலிமில் எடுத்ததோ தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஃபிலிம் நம் ஊட்டியிலேயே தயாரானது. மத்திய அரசு 1960-இல் அங்கே தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் கம்பெனி 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்து விற்றது. அப்படிப் பார்த்தால் அந்தக் கை ஊட்டிச் சரக்காகவும் இருக்கலாம். கலர் வந்து, டிஜிட்டல் வந்து, ஆலையே நின்றுபோனது. தர்மபுரி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களை, 1880 முதல் 1980 வரை எடுத்தவற்றை, ஊர் ஊராகத் தேடி டிஜிட்டலில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் எனக்கு ஒரு நப்பாசை. அதில் எங்காவது மணிக்கட்டுக்கு மேல் ஒரு ஆள் இருக்கக்கூடும்.

போன ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு ஒகேனக்கல் போனோம். எங்களுக்கு அது பக்கத்து ஊர். கூத்தப்பாடி, மடம் தாண்டினால் குளிர்ந்த காற்று வந்துவிடும். ஆற்றில் தண்ணீர் கூடுதல், அதனால் பரிசலுக்குத் தடை. பரிசல் இல்லாத ஒகேனக்கல்லில் மீன் வறுவல் தின்பதையும் போட்டோ எடுப்பதையும் தவிர வேறு வேலை இல்லை. இரண்டையும் செய்தோம். போனை ஒரு கல்மேல் சாய்த்து நிறுத்தி, டைமரில் 10 விநாடி வைத்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது எல்லாரும் இடம்பிடித்திருந்தார்கள். நடுவில் ஆயா, இந்தப் பக்கம் அப்பா, அம்மா, அந்தப் பக்கம் மாமா, அத்தை, முன்னால் பிள்ளைகள். ஓரத்தில் அரை ஆளுக்கு இடம் இருந்தது. அதில் நின்று அப்பா தோளில் கை போட்டேன். கிளிக்.

படம் அருமையாக வந்திருந்தது. 86 வயதில் ஆயா வாய்விட்டுச் சிரிக்கிறாள், பின்னால் அருவி. அன்றைக்கே தொடங்கினாள்: "அந்த போட்டாவைக் கழுவிக் கொண்டா." ஆயாவுக்குப் போட்டோ என்றால் இன்னும் கழுவுவதுதான். "போன்லயே பாரேன்" என்றால், "நீ பொழுது விடிஞ்சா தருமபுரிக்கு வேலைக்குப் போயிடுற, உன்கூட நாங்களும் பஸ் ஏறிப் போயிடுறோம்" என்றாள். இதற்குப் பதில் இல்லை. "சரி, உன்னை மட்டும் தனியாப் பெருசா போட்டுடலாமா?" என்று கேட்டேன். "போடு, அப்படியே ஒரு மாலையும் வாங்கிட்டு வந்துடு" என்றாள். தனிப்படம் யோசனை அங்கேயே அடக்கமானது.

பட்ஜெட் 600 ரூபாய் என்று முடிவு செய்தேன். ஒகேனக்கல் படம் 8-க்கு 12 அளவில் ஒன்று. கூடவே பிறந்தநாள், காதுகுத்து, கிடாவெட்டு என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதிலிருந்து ஒன்பது படம். இவ்வளவுதானே என்று நினைத்தேன்.

முதல் பாடம் ஜெராக்ஸ் கடையில். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஒரே மிஷினில் அடிக்கிற கடை அது. காதுகுத்துப் படத்தை 12-க்கு 18-ஆகப் பெரிதாக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். மாமாவின் முகம் களி கிண்டியதுபோல் இருந்தது.

"வாட்ஸ்அப்ல வந்ததாண்ணா இது? நீளவாக்குல 1,600 புள்ளிதான் இருக்கு. 18 இஞ்சுக்கு இழுத்தா இஞ்சுக்கு 89 புள்ளி. 300 இருந்தாத்தான் பளிச்சுன்னு வரும்" என்றான்.

வாட்ஸ்அப் படத்தை அனுப்பும்போதே சாறு பிழிந்துவிட்டுத்தான் அனுப்புகிறது. படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் முழுசாகப் போகும். இதைக் குடும்ப குரூப்பில் போட்டேன். பதிலுக்கு மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். சித்தப்பா, காலை வணக்க ரோஜாவை டாக்குமென்டாக அனுப்பினார்.

ஆனால் அதே 1,600 புள்ளியை 6 இஞ்சுக்குள் அடக்கினால் இஞ்சுக்கு 267 வருகிறது. அது போதும். அங்கேதான் எனக்கு ஞானோதயம். ஒரு 12-க்கு 18 தாளில் 4-க்கு 6 படம் சரியாக ஒன்பது அடங்கும். அகலத்துக்கு மூன்று, உயரத்துக்கு மூன்று, ஒரு நூல் வீணாகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டால் ஒன்பது விலை. ஒரே ஷீட்டாக, பத்திரிகை அடிக்கிற கெட்டித் தாளில் போட்டால் 40 ரூபாய். இது ரசாயனத்தில் வரும் லேப் பிரிண்ட் இல்லை, பவுடர் மை. அசல் போட்டோத் தாளின் பளபளப்பு வராது. கிடாவெட்டுக்கு அவ்வளவு பளபளப்பு போதும்.

ஒகேனக்கல் படத்தை மட்டும் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அது என் போனிலேயே எடுத்த அசல். 8-க்கு 12 லேப் பிரிண்ட் 100 ரூபாய். ஸ்டூடியோத் தம்பி படத்தைத் திறந்ததுமே, "பிரைட் ஏத்திரட்டுமாண்ணா?" என்றான். ஓரளவு ஏற்றத்தான் வேண்டும். போன் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. காகிதத்துக்கு நம் வீட்டு டியூப்லைட்தான் கதி. அதனால் போனில் பளிச்சென்று இருப்பது பிரிண்டில் ஒரு மாற்று மங்கித்தான் வரும். ஆனால் தம்பி ஏற்றிய பிரைட் வேறு ரகம். காட்டில் கேழ்வரகு அறுத்துக் கறுத்த எங்கள் வம்சம் முழுவதும் வெள்ளாவியில் வைத்து எடுத்ததுபோல் ஆகிவிட்டது. அப்பா கன்னத்து மருவைக் காணோம். ஆயாவின் சுருக்கங்களைக் காணோம். கொஞ்சம் விட்டிருந்தால் ஆயா எனக்குத் தங்கையாகியிருப்பாள். "இருந்தபடியே போடுப்பா" என்றேன். அவனுக்கு மனசு ஆறவில்லை. "வானம் வெளுத்துக் கெடக்குதே, நீல வானம் மேகத்தோட வெச்சிரலாமா?"

வானத்துக்கு மேகம் வைப்பது அவன் கண்டுபிடித்ததில்லை. லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்கார ராணுவக் கேப்டன் சென்னை மாகாண அரசின் போட்டோக்காரராக இருந்து, நம் பக்கத்து ராயக்கோட்டையைப் படம் எடுத்திருக்கிறார். அப்போது அது சேலம் ஜில்லா, 2004 வரைக்கும் எங்கள் தர்மபுரி மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரி. 1858-இல் அந்த ஆல்பம் வெளிவந்தது. அந்தக் காலத்து நெகட்டிவிலிருந்து பிரிண்ட் போட்டால் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். ட்ரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் மேலேயே மையால் மேகம் வரைந்துவிட்டார். தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படமாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். 1859-இல் கவர்னராக வந்த ட்ரெவெல்யன் கணக்கைப் பார்த்துவிட்டு, போட்டோவெல்லாம் ஆடம்பரம், கஜானா தாங்காது என்று அந்த வேலைக்கே மூடுவிழா நடத்தினார். போட்டோ செலவுக்குக் கத்தரி போடுவது எங்கள் குடும்ப வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மாகாணத்துக்கே அதுதான் வழக்கம்.

மேகம் வேண்டாம் என்றேன். "8-க்கு 12-க்குப் போட்டா சைடுல கொஞ்சம் கட் ஆகும்ணா, பரவாயில்லையா?" என்று கேட்டான். நான் அப்போது போன் கால்குலேட்டரில் பிரேமுக்கான பீடிங் கணக்கில் இருந்தேன். "ஆகட்டும்" என்றேன். இந்த ஒரு வார்த்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிரேம் போடுவது சாமிப் படக் கடையில். செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். ஆட்டை விற்ற காசோடு வந்து முருகனுக்குச் சட்டம் போடச் சொல்லிக் காத்திருந்தவர்களுக்குப் பின்னால் நானும் நின்றேன். பிரேமுக்கு விலை படத்தைப் பார்த்து இல்லை, சுற்றளவைப் பார்த்துத்தான். பீடிங் அடி 30 ரூபாய்; ஃபைபர், மரம் மாதிரி கோடு போட்டது. அசல் மரம் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்க்கிறார். கண்ணாடிக்குச் சதுர அடிக் கணக்கு. கூலி ஒரு படத்துக்கு 50. இதில்தான் என் ஒன்பது-ஒன்று தந்திரம் வேலை செய்தது. ஒன்பது சின்னப் படத்துக்கும் தனித்தனி பிரேம் போட்டால் ஒன்றுக்கு 20 அங்குலம், ஆக மொத்தம் 15 அடி பீடிங். வெட்டாமல் ஒரே ஷீட்டாகப் போட்டால் 5 அடி. மூன்றில் ஒரு பங்கு! பெருமையாகச் சொன்னேன். "மூலைக்கு மூலை 45 டிகிரியில அறுக்கிறோமில்ல சார், சேதாரம் சேர்த்து ஆறு அடி" என்றார். ஒகேனக்கல் படத்துக்கு 3 அடி 4 அங்குலம்; அவர் நாலு என்றார். நகைக்கடைக்காரர்கள் இவரிடம்தான் படித்திருக்க வேண்டும். இந்த வீதத்தில் ட்ரைப்பின் 19 அடிப் படத்துக்கு மேலும் கீழும் பீடிங் வைக்கவே 1,140 ரூபாய் ஆகும். ட்ரெவெல்யன் மேல் எனக்கு லேசாக மரியாதை வந்தது.

பின்பக்கத்து ஹார்டுபோர்டுக்கு நான் காசு கொடுக்கவில்லை. வீட்டிலிருந்தே இரண்டு தினசரி காலண்டர் அட்டை கொண்டு போயிருந்தேன், நகைக்கடை கொடுத்த பெரியது ஒன்று, உரக்கடை கொடுத்த சின்னது ஒன்று. தேதித் தாள் கிழிந்து தீர்ந்தாலும் அட்டை நூறு வருஷம் உழைக்கும். சாமி படம் உள்பக்கம் போகட்டும் என்று சொன்னேன். ஆக, எங்கள் குடும்பத்துக்குப் பின்னால் இப்போது மகாலட்சுமி முதுகு காட்டாமல் நிற்கிறாள். அமிலமில்லாத அட்டைதான் படத்துக்கு ஆகும், இல்லையென்றால் நாளாக நாளாகப் பழுப்பேறும் என்று மியூசியக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்குப் பட்ஜெட் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. கண்ணாடியும் படமும் ஒட்டாமல் இருக்க, ஓரம் சுற்றிலும் கெட்டி அட்டைக் கீற்று வைக்கச் சொன்னேன். (பழைய கல்யாணப் பத்திரிகையை நறுக்கி நானே கொண்டுபோனேன் என்பது வேறு விஷயம்.) இது தாத்தாவிடம் கற்ற பாடம். போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தா அப்படித்தான் ஒட்டிப்போயிருக்கிறார். பிரித்தால் மீசை கண்ணாடியோடு வந்துவிடும். அதனால் பிரேமோடு வாசலுக்குக் கொண்டுவந்து, நிழலில் சாய்த்து, கண்ணாடி மினுக்காத கோணத்தில் போனால் ஒரு படம் எடுத்து வைத்தேன். கூகுளின் மேஜிக் இரேசரில் விரலால் ஒரு தேய் தேய்த்தேன். நாற்பது வருஷத்துக் கை ஒரு நொடியில் காணாமல் போனது. அப்பா 5 ரூபாய் கொடுக்க மறுத்த வேலை, இலவசம். ஓடிப்போய் ஆயாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இது யாரு?" என்றாள்.

எல்லாம் சேர்த்து 690 ரூபாய். பிரிண்ட் 140, பீடிங் 300, கண்ணாடி 150, கூலி 100. பட்ஜெட்டில் 90 ரூபாய் துண்டு. காலையிலேயே எனக்கு இது தெரியும். ஆயாவின் சுருக்குப்பையில், முதியோர் பணத்தில், ஒரு நூறு ரூபாய்க் கைமாற்று வாங்கிக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன். மீதிப் பத்து ரூபாய்க்கு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன்.

சாயங்காலம் ஆணியடித்தேன். ஒன்பதுக்கு ஒன்று எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஆளாளுக்குத் தன் முகத்தைத் தேடிப் பிடித்துத் திருப்தியானார்கள். அடுத்தது ஒகேனக்கல். தாத்தாவுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். சாமியாகாமல், மணமேடை ஏறாமல், சாகாமல் எங்கள் சுவரில் ஏறிய முதல் கூட்டம். ஆயா கிட்டே போய், கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குப் பார்த்தாள்.

"நீ எங்கடா?"

நானும் பார்த்தேன். அருவி இருக்கிறது. ஆயாவின் சிரிப்பு இருக்கிறது. அப்பா இருக்கிறார். அப்பாவின் தோளில் ஒரு கை இருக்கிறது. மணிக்கட்டு வரைக்கும்.

போனில் நிமிர்த்தி எடுக்கும் படத்தின் வாகு மூன்றுக்கு நான்கு. 12 உயரம் என்றால் அகலம் 9 வரவேண்டும். தாளின் அகலம் 8. ஒரு இஞ்ச் எங்காவது போயாக வேண்டும். இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் எடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் அத்தையின் பட்டுச்சேலை முந்தானை இருந்தது, இந்தப் பக்கம் அரை ஆள்தான் இருந்தது. தம்பி ரசனையுள்ளவன், முந்தானையைக் காப்பாற்றிவிட்டான். என்னில் மிச்சம் மீதி இருந்ததைப் பீடிங்கின் உள்வரப்பு கால் இஞ்ச் விழுங்கிவிட்டது. வெள்ளை பார்டர் விட்டு முழுப்படமும் போடச் சொல்லியிருந்தால் நான் முழுசாக, அதாவது முழு அரை ஆளாக, இருந்திருப்பேன். நான்தான் "ஆகட்டும்" என்றேனே. அப்பா அந்த இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 1981 ஞாபகம் வந்திருக்கும்.

"திருப்பி ஒண்ணு போட்டா என்ன?" என்று அம்மா கேட்டாள். பிரிண்ட் 100, பிரேமைப் பிரித்துப் போட மறுபடி கூலி 50. பேச்சு அத்தோடு நின்றது.

கரையான் தின்றாலும் தகவல் மிஞ்சட்டும் என்று படத்தைக் கழற்றித் திருப்பி, காலண்டர் அட்டையின் வெறும்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினேன், பள்ளிக்கூட குரூப் போட்டோவில் போடுவார்களே, அந்த மாதிரி. ஒகேனக்கல், ஆடி 18. நிற்பவர்கள் இடமிருந்து வலம்: அப்பா, அம்மா, ஆயா, மாமா, அத்தை. முன்வரிசையில் பிள்ளைகள். கை: நான்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "'நான்'னு எழுதினா அம்பது வருஷம் கழிச்சுப் பார்க்கிறவங்களுக்கு எந்த நான்னு எப்படித் தெரியும்?"

ஆயா திண்ணையிலிருந்தே பதில் சொன்னாள்: "என்கிட்ட நூறு ரூபாய் கைமாத்து வாங்கினவன்னு எழுதச் சொல்லு."